மேயர் கையெழுத்து வைத்த வெள்ளிக்கிழமை

நான் வேலை பார்த்த கவுன்சிலில், அதாவது நகரசபையில், இப்போது உத்தியோகம் பார்க்கும் நிரஞ்சனி, போன மாதம் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். “அங்கிள், நேரம் இருந்தால் பாருங்கோ. உங்கட காலத்துக் கதை மாதிரிக் கிடக்கு” என்று கூடவே ஒரு வரி. இந்தக் காலத்தில் கவுன்சில் கூட்டத்தை வீட்டில் சாரம் கட்டிக்கொண்டு இருந்தே பார்க்கலாம். கவுன்சில் கட்டும் கட்டடங்களில் வேலை செய்பவர்களைப் பற்றித் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதும் அதிகாரத்தை மேயருக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்று விவாதம். தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். “கிரிக்கெட்டுக்குக்கூட நீங்கள் இப்பிடி வாய் பாக்கிறேல்லை” என்றாள் என் மனைவி மனோ.

முகங்கள்தான் புதிது. வாதம் அச்சொட்டாகப் பழையது. “இப்ப இருக்கிற மேயரில எனக்குச் சந்தேகமில்லை, அடுத்து வாறவரை ஆர் பிடிக்கிறது” என்று ஒருவர் கேட்டார். அதே கேள்வியை எழுபதுகளில் நான் என் கையால் கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். நிரஞ்சனிக்கு நாலு வரியில் பதில் எழுதலாம் என்று தொடங்கியது இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கொழும்பில் ஒரு திணைக்களத்தில் கிளாக்கராக இருந்தவன். சிட்னிக்கு வந்து, செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் கொஞ்சக் காலம் பெட்டி அடுக்கினேன். பிறகு மேற்குச் சிட்னியில் ஒரு கவுன்சிலின் கோப்பு அறைக்குப் போய், அங்கிருந்து கூட்டக் குறிப்பு எழுதும் மேசைக்கு வந்தேன். மேலதிகாரி உள்ளே வரும்போது எழும்பி நிற்காதே என்றார்கள். அந்தப் பழக்கம் ஒரு மாதிரி விட்டுப்போனது. மேயரை ‘சேர்’ என்று கூப்பிடாதே என்றார்கள். அது கடைசிவரை விடவில்லை.

கவுன்சில் உத்தியோகத்தர்களுக்கெல்லாம் தலைவராக இருப்பவரை அப்போது டவுன் கிளார்க் என்பார்கள். எங்கள் டவுன் கிளார்க் கென்னத். மெலிந்த, உயரமான மனிதர். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கூட்டத்துக்குரிய தாள்களை நான் கொண்டுபோய்க் கொடுத்தால், முதலில் கைகளைத் துடைத்துக்கொண்டுதான் வாங்குவார். பிழை இருந்தால் சொல்லமாட்டார். தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பிழையைக் கண்டுபிடிக்கும்வரை யன்னலில் அவருக்கு ஏதோ பெரிய அலுவல். அந்த மௌனத்துக்கு நான் வியர்த்த மாதிரி கொழும்பு வெயிலுக்குக்கூட வியர்த்ததில்லை.

கூட்ட மண்டபத்தில் மேயரின் வலப்பக்கத்துக் கதிரை கென்னத்துடையது. அவருக்கு முன்னால் நிகழ்ச்சி நிரல், சட்டப் புத்தகம், ஒரு தண்ணீர்க் கூசா, இரண்டு கிளாஸ். அதில் எதையும் வேறு ஆள் தொடக்கூடாது. மேயர் பேசும்போது இடையிடையே இவரே கிளாஸை எடுத்துத் தண்ணீர் ஊற்றி மேயர் பக்கம் நகர்த்துவார். எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது. பேசிக் களைத்தவனுக்குக் கேட்காமலே தண்ணீர் கொடுக்கத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரனையாவது கண்டேனே என்று மனோவிடம் சொல்லியிருக்கிறேன்.

மேயர் ரெக் ரயில்வேயில் இயந்திரம் பொருத்தும் பிற்றராக இருந்து அரசியலுக்கு வந்தவர். பெரிய உடம்பு, பெரிய மனசு, அதைவிடப் பெரிய கோபம். இவர்கள் எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு என் காதில் அவர்கள் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் கதைக்கிறார்கள். அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

அந்த வருடம் கவுன்சில் ஒரு நூலகம் கட்டத் தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே நிலத்தடியில் கார் தரிப்பிடம். அதற்காக இரண்டு மாடி ஆழத்துக்கு ஒரு கிடங்கு தோண்டியிருந்தார்கள். கிடங்கின் சுவர் வெறும் களிமண். அதற்கு மரமும் பலகையும் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அங்கொன்று இங்கொன்றாக நட்டுவிட்டு, போதும் என்றுவிட்டார். ஒருநாள் காலைத் தேநீருக்கு எல்லோரும் மேலே ஏறியிருந்த நேரம், ஒரு மூலை அப்படியே சரிந்து விழுந்தது. உள்ளே போனது ஒரு தள்ளுவண்டியும் இரண்டு மண்வெட்டியும். தொழிற்சங்கம் அன்றைக்கே வேலையை நிறுத்திவிட்டது.

அந்தக் கிடங்குக்குள் வேலை செய்தவர்களில் ஒருவன் சிவம், மனோவின் தம்பி. ஊரில் கணித ஆசிரியர். இங்கே வந்து எங்களோடு மெரிலேண்ட்ஸ் வீட்டில் இருந்துகொண்டு, கிடைத்த வேலையாகக் கூலிக்குப் போய்வந்தான். அம்மாவுக்கு மட்டும் ‘கட்டடத் துறை’ என்று எழுதியிருந்தான். அதில் பொய் ஒன்றும் இல்லைத்தான்.

சங்கம் மூன்று விஷயம் கேட்டது. முழுச் சுவருக்கும் முட்டுக் கொடுத்து முடியும்வரை முட்டுக் கொடுப்பவர்களைத் தவிர ஒருவரும் அதற்கு அருகே இறங்கக்கூடாது. தொழிலாளர் பிரதிநிதி விசில் அடித்தால் எந்த வேலையும் அந்தக் கணமே நிற்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்தவர்களை மட்டும் வேலைக்கு எடுக்க வேண்டும். இவற்றைக் கவுன்சிலும் ஒப்பந்தக்காரரும் சங்கமும் சேர்ந்து ஒப்பந்தமாக எழுதினால் வேலைக்கு வருகிறோம் என்றார்கள். மேயர் சரி என்றார். ஒப்பந்தக்காரரோ, கவுன்சில் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்குவேன், வராதவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அறிவித்துவிட்டார்.

“திங்கக்கிழமை நான் இறங்கத்தான் போறன் அத்தான்” என்றான் சிவம். சாப்பாட்டு மேசையில், தட்டைப் பார்த்தபடி.

“விசரே உனக்கு? அந்தச் சுவர் விழுந்ததைக் கண்ணால கண்டனீதானே” என்றாள் மனோ.

“கண்டனான் அக்கா. எத்தினை இடத்தில வேலை கேட்டு அலைஞ்சு கிடைச்சது எண்டதையும் கண்டனான்.”

மனோ எழும்பிக் குசினிக்குள் போனாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, “இஞ்சாருங்கோ, அந்த மேயரிட்டை ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதே?” என்று கேட்டாள். நான் குறிப்பு எழுதுகிறவன், எனக்கு அங்கே வாயும் இல்லை வாக்கும் இல்லை என்றேன். உண்மைதான். ஆனாலும் அதைச் சொன்னபோது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

விஷயம் கவுன்சிலுக்கு வர வேண்டியிருந்தது, ஏனென்றால் சங்கத்தோடு ஒப்பந்தம் எழுத மேயருக்குத் தனியாக அதிகாரம் இல்லை. வெள்ளி மாலை விசேட கூட்டம் கூட்டினார்கள். அந்த வாரம் பார்த்து கென்னத்துக்குக் குடல்வால் சத்திரசிகிச்சை. துணை டவுன் கிளார்க் பதவி காலியாகக் கிடந்தது. ஆகவே அந்த ஒரு கூட்டத்துக்கு மேயரின் வலப்பக்கத்துக் கதிரையில் நான்.

உட்கார முன்னரே மேயரிடம் போய், என் மனைவியின் தம்பி அந்தக் கிடங்கில் வேலை செய்கிறான், இதை உங்களிடம் சொல்லிவைக்க வேண்டும் என்றேன். ஊரில் நான் பழகிய ஒழுங்கு அது.

“இந்தப் பகுதியில பாதிப் பேற்றை சொந்தக்காரர் அங்கைதான் நிக்கினம்” என்றார் ரெக். “நீ வாக்குப் போடப் போறேல்லைத்தானே. போய் இரு.”

சபையில் ஒன்பது பேர். மேயரோடு சேர்த்து அவர் பக்கம் நாலு. எதிர்ப்பக்கம் நாலு, அவர்களுக்குத் தலைவர் பிரையன், மருந்துக்கடை வைத்திருப்பவர். இரண்டு பக்கமும் சேராதவர் டொரத்தி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் வெற்றி.

மேயர் தன் அறிக்கையாகத் தீர்மானத்தை வைத்தார். கவுன்சிலின் கட்டட வேலைகளுக்குத் தொழிற்சங்கங்களோடு ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தை மேயருக்கு வழங்குவது. ஒரே ஒரு வசனம். எல்லையும் இல்லை, தவணையும் இல்லை. எழுதியவர் அவரேதான். கென்னத் இருந்திருந்தால் அந்தத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு யன்னலைப் பார்த்திருப்பார்.

பிரையன் கெட்ட மனிதரல்ல, மடையனும் அல்ல. அமைதியாக எழும்பிச் சொன்னார். “ரெக்கில எனக்கு நம்பிக்கை கிடக்கு. ஆனா இது ரெக்குக்குக் குடுக்கிற சட்டை இல்லை, கதிரைக்குப் போடுற சட்டை. அடுத்து வாறவரும் அதைத்தான் போடுவார். அவரை ஆர் பிடிக்கிறது? பிறகு நாங்கள் ஒன்பது பேர் இஞ்சை இருந்து என்ன செய்யிறது?”

டொரத்தி தலையசைத்தார். எனக்கும் அந்த வாதத்தில் நியாயம் தெரிந்தது.

அடுத்து பிரையனின் ஆட்களில் ஒருவர், மேயர் ஏற்கெனவே சங்கக்காரரோடு கைகுலுக்கிவிட்டு வந்து இங்கே நாடகம் ஆடுகிறார் என்றார். அதோடு ரெக்குக்கு ஏறிவிட்டது. எழும்பினார். கழுத்து சிவந்து, காது சிவந்து, குரல் கரகரக்கத் தொடங்கியது. ஆட்களைப் புதைக்கவா நூலகம் கட்டுகிறோம் என்று கேட்டார். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, “ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. நீங்கள் தந்தாலென்ன தராட்டியென்ன, நான் உங்களிட்டை...” என்று தொடங்கினார்.

வசனத்தின் மிச்சம் எனக்குத் தெரியும். ‘நான் உங்களிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை.’ அந்தச் சொல் விழுந்தால் டொரத்தி அந்த இடத்திலேயே எதிர்ப்பக்கம் போவார். சபையை மதிக்காதவருக்கு அவர் ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை. திங்கட்கிழமை சிவம் கிடங்குக்குள் இறங்குவான். எல்லாம் எனக்குத் தெரிகிறது, வாய் மட்டும் திறக்கவில்லை. மேலதிகாரி பேசும்போது நாலு பேருக்கு முன்னால் குறுக்கே பேசுவது என்ற ஒன்று எங்கள் உத்தியோக வளர்ப்பிலேயே கிடையாது. அதற்குப் பதிலாக விழுங்கிக்கொண்டு இருப்போம். நானும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் ரெக்குக்கு இருமல் வந்தது. நல்ல இருமல், கண்ணில் தண்ணீர் வருகிற இருமல். என் கை தன்பாட்டில் போய்க் கூசாவை எடுத்தது. ஊற்றி, கிளாஸை அவர் முன்னால் வைத்தேன். யோசித்துச் செய்ததல்ல. வீட்டுக்கு வந்த கடன்காரன் இருமினாலும் முதலில் தண்ணீர் கொடுக்கிற சாதி நாங்கள்.

ரெக் கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாதியில் நின்ற வசனத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து, ஆறுதலாகக் குடித்தார். குடித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, “எங்கை பிழைச்சனான்?” என்று முணுமுணுத்தார்.

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. நான் தண்ணீர்தானே கொடுத்தேன்.

“கெதியாச் சொல்லு” என்றார். “எவ்வளவு நேரம் குடிக்கிறது?”

சபை முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் என்னிடம் ஏன் கேட்கிறார் என்று தெரியாது, ஆனால் கேட்கிறார். மேலதிகாரி கேட்டால் சொல்லலாம். அதுவும் எங்கள் வளர்ப்புத்தான். நான் அவர் காதுக்குள் சொன்னேன். “சேர், அனுமதி தேவையில்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. அனுமதியைக் கேளுங்கோ. உங்கட அறிக்கை, நீங்களே மாத்தலாம். எல்லாக் கட்டடத்துக்கும் வேண்டாம், இந்த நூலகத்துக்கு மட்டும் எண்டு போடுங்கோ. எழுதின ஒப்பந்தத்தை அடுத்த கூட்டத்தில சபைக்கு முன்னால வைக்கிறன் எண்டும் போடுங்கோ. நூலகம் முடிய அதிகாரமும் முடிஞ்சிடும். டொரத்திக்கு அது போதும்.”

ரெக் கிளாஸை வைத்துவிட்டு எழும்பினார். குரல் வேறு ஆளுடையது போலிருந்தது. “பிரையன் சொன்னதில நியாயம் இருக்கு” என்று தொடங்கினார். மண்டபத்தில் கதிரைகள் கிறீச்சிட்டன. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் சொன்னதை ஒன்றும் விடாமல் சொல்லி, கடைசியில் “உங்களிட்டை அனுமதி கேக்கிறன்” என்று முடித்தார்.

டொரத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்திய வசனத்தை ஒருமுறை வாசிக்கச் சொன்னார். நான் வாசித்தேன்; என் குரல் நடுங்கியது, அவர்கள் உச்சரிப்பு என்று நினைத்திருப்பார்கள். “இன்னொருக்கா வாசியுங்கோ” என்றார், வகுப்பில் சொல்வது போல. வாசித்தேன். “எனக்குச் சம்மதம்” என்றார். ஐந்துக்கு நாலு.

அதோடு முடியவில்லை. கவுன்சில் விதியில் எதிர்ப்பக்கத்துக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. மூன்று உறுப்பினர் சேர்ந்து, முடிவை ரத்துச் செய்யக் கேட்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த கூட்டம்வரை அந்த முடிவு கிடப்பில். ஆனால் அதற்கு முன் முடிவு நிறைவேறிவிட்டால், ரத்துச் செய்ய அங்கே ஒன்றும் இருக்காது. கூட்டம் முடிந்து எல்லோரும் அடுத்த அறையில் சாண்ட்விச்சுக்குப் போனார்கள். பிரையனும் அவர் ஆட்கள் இருவரும் மட்டும் மூலையில் ஒரு தாளைத் தேடிக்கொண்டு நின்றார்கள். நான் ஒப்பந்தத்தின் பிரதிகளை ஏற்கெனவே மேசையில் விரித்துவிட்டேன். சங்கச் செயலாளரும் ஒப்பந்தக்காரரும் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்தார்கள். சபை சொன்ன பிறகு ஒப்பந்தக்காரரும் மறுபேச்சுப் பேசவில்லை. மூவரும் கையெழுத்து வைத்தார்கள். பிரையன் தாளோடு வந்தபோது நான் மைக்கு ஒற்றுத்தாள் வைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “நல்ல வேகம்” என்றார். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை; எனக்கும் ஒரு சாண்ட்விச் எடுத்துத் தந்தார்.

போகும் வழியில் ரெக் என் தோளைப் பிடித்தார். “கென்னத் உனக்கும் சொல்லித் தந்திட்டானே?”

“எதை சேர்?”

“தண்ணி. நான் வாயை விட்டால் அவன் தண்ணி ஊத்துவான். ஊத்தினால் நான் நிப்பாட்ட வேணும், குடிக்கிற நேரத்துக்குள்ள அவன் காதுக்குள்ள சொல்லுவான். ஆக்களுக்கு முன்னால என்னைத் திருத்தேலாதெண்டு நாங்கள் ரெண்டு பேரும் செய்துகொண்ட ஏற்பாடு.”

“எனக்குத் தெரியாது சேர். நீங்கள் இருமினீங்கள், அதுதான் ஊத்தினனான்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்க அப்படி ஒரு சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய் “கையெழுத்து வைச்சாச்சு” என்றேன். மனோ சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு வெகுநேரம் திரும்பவில்லை. சிவம் மட்டும், “அப்ப திங்கக்கிழமை பலகை சுமக்கிற வேலைதான்” என்று அலுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கென்னத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதே என்று கெஞ்சினார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, “கெடுத்துப்போட்டாய். இனி நான் ஊத்தேக்கை எல்லாம், இது வெறும் தண்ணியோ எண்டு அந்தாள் யோசிக்கும்” என்றார்.

அன்று இரவும் மறுநாள் விடியற்காலையும் மழை. செவ்வாய் முற்பகல் என் மேசைத் தொலைபேசி அடித்தது. சிவம், தெருவோரப் பெட்டியிலிருந்து பேசினான்.

“அத்தான், சுவர் விழுந்திட்டுது. கிழக்குப் பக்கம் முழுக்க.”

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

“ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. வெடிப்பைக் கண்டு பிரதிநிதி விசில் அடிச்சவர். மேஸ்திரி கத்தினவன்தான், ஆனா ஒப்பந்தம் கிடக்கே, நிப்பாட்டத்தானே வேணும். எல்லாரும் ஏறீட்டம். நான் மேலை நிண்டனான்.”

“சாப்பிட்டியே?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. வாயில் வந்தது அதுதான்.

“இல்லை அத்தான்” என்றான். “ரேடியோவில சொல்லப் போறாங்கள். அக்காவுக்கு முதல் நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. சொல்லேக்கை, நான் மேலை நிண்டனான் எண்டதை முதல் சொல்லுங்கோ. சுவர் விழுந்ததைப் பிறகு சொல்லுங்கோ.”

யாரிடமும் கேட்காமல் கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்த உத்தியோகத்தில் அனுமதி இல்லாமல் நான் வெளியே போன ஒரே நாள் அதுதான். மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனிலிருந்து வீடுவரை ஓட்டமும் நடையும். வழி முழுவதும் அந்த ஒரு வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன், மாறிவிடக்கூடாதே என்று.

மனோ கதவைத் திறந்தாள். வேலை நேரத்தில் நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது.

“சிவம் மேலை நிண்டவன்” என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எங்கை மேலை?” என்று கேட்டாள்.

அவளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன். நானும் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டேன். பிறகுதான் மிச்சத்தைச் சொன்னேன்.